யான் பாறையேறக் கற்றது

அறுபத்துநான்காம் ஆண்டு நிரம்பிய பின்னர், இடையில் வார் கட்டிக் கயிற்றிற் பிணிப்புண்டு, கருங்கற் பாறையொன்றன்மேல் ஏறத் தொடங்கினேன் என்று எழுதுங்கால், இப்பத்திரிகையைப் படிக்கும் அன்பர்கள் முறுவலிப்பார்கள் என்பதை அறிவேன். முறுவலிக்கட்டும், என் இல்லத்தாரும் அதனையே செய்தனர். "தமிழ்ப் பண்டிதராயிருந்து ஓய்வு பெற்றவர் செய்தற்குரிய காரியங்கள் பல உள, இஃது அவற்றுள் ஒன்றன்று" என்று என் மனைவியார் கூறினர். அதற்கு விடை எனக்கு அன்று தோன்றவில்லை. இன்றும் நல்ல விடை தோன்றவில்லை. ஆயினும் அம்முயற்சியில் என் பிழையொன்றனால் யான் கற்றுக்கொண்டதை மறையாது எழுதுதல் கடன் என்று கருதி இதனை எழுதுகின்றேன்.

முதற்கண் பழைய செய்தியொன்று சொல்லல் வேண்டும். மடத்துக் கல்லூரியில் யான் பயின்றுகொண்டிருந்த காலத்து, உடன்பயில் மாணாக்கர் ஐவரோடு பருவதமலைக்குச் சென்றேன். திருவண்ணாமலை மாவட்டத்திற் கலசபாக்கத்தை அடுத்து, ஏறத்தாழ 4,500 அடி உயரத்தில் மல்லிகார்ச்சுனர் எழுந்தருளியிருக்கும் அம்மலையை அன்பர் பலரும் அறிவர். காட்டுவழி முடிந்தபின், பாறையிற் கடப்பாறைகளை அறைந்து சங்கிலி கோத்து அமைத்த ஏற்றமொன்று அங்கே உண்டு. ஒருபால் பாறை, மற்றொருபால் வெறுவெளி. மூன்றாம் கடப்பாறையின்மேற் காலை வைத்தேன், கீழே நோக்கினேன், அவ்வளவே. கைகள் சங்கிலியை விட மறுத்தன. கால்கள் மேலே செல்ல மறுத்தன. உடன்வந்தாருள் ஒருவர் என் பாதங்களை ஒவ்வொன்றாகப் பிடித்து இறக்கிவிட்டனர். அவர்கள் உச்சி சென்று மீளுமளவும் அவ்விடத்தே ஒரு மரநிழலில் அமர்ந்திருந்தேன்.

மடத்திற்கு மீண்டபோது, எங்கட்குப் பாடஞ்சொல்லும் பெரியவர் "தரிசனம் நன்கு ஆயிற்றா?" என்று வினவினர். தோழர்கள் "ஆயிற்று" என்றனர். யான் "ஆயிற்று" என்னவில்லை, "ஆகவில்லை" என்னவுமில்லை. அவர் அளித்த திருநீற்றை அவர்களோடு ஒப்பக் கைந்நீட்டி வாங்கிக்கொண்டேன். நாற்பது ஆண்டுகட்கு மேலாகியும் அக்கை நீண்டபடியே என் நினைவில் நிற்கின்றது.

இதில் நகைப்பிற்குரியது ஒன்றுண்டு. அதன்பின் முப்பத்திரண்டு ஆண்டு மாணாக்கர்க்கு மலைபடுகடாம் பாடஞ்சொன்னேன். பெருங்கௌசிகனார் இயற்றிய அப்பாட்டு, நன்னனைக் காணச்செல்லும் கூத்தர்க்கு மலைவழியின் இடர்களை ஒவ்வொன்றாக எடுத்துரைத்து, இன்னவிடத்து இன்னவாறு செல்க என்று அறிவுறுத்துவது. அதிற் கூறப்படும் நவிரமலையே பருவதமலை என்பர். மூன்றாம் கடப்பாறையில் நின்று மீண்ட ஒருவன், அம்மலைவழியை முப்பத்திரண்டு ஆண்டு பிறர்க்குக் காட்டிக்கொண்டிருந்தான்.

இனிப் பெங்களூருவிற்கு வருவோம். அந்நகரில் என் மகள் வாழ்கின்றாள். அவள் மகளுக்கு இருபது வயது. அப்பெண் ஒரு கூடத்தில், செயற்கைச் சுவரிற் பதித்த பிடிகளைப் பற்றி ஏறிப் பழகி, பின்னர் விடுமுறை தோறும் தோழர் குழாத்தோடு குன்றுகட்குச் சென்று ஏறுவாளாயினள். பொழுதுபோக்கென்றே யான் முதலில் எண்ணினேன். 2021-இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் இப்பாறையேற்றம் முதன்முறையாகப் போட்டியாயிற்று என்று அவள் சொல்லியும் என் கருத்து மாறிற்றன்று. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் யான் அங்குச் சென்றிருந்தபோது, "தாத்தா, ஒருநாள் வந்து பார்த்தாவது குறை சொல்லுங்கள்" என்றாள். நேர்மையான வேண்டுகோளாகலின் உடன்பட்டேன்.

மைசூருச் சாலையில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் சென்றால் இராமநகரம் என்னும் ஊர். பட்டுக்கூட்டுச் சந்தைக்குப் பேர்பெற்றது. 1975-இல் வெளிவந்த 'ஷோலே' என்னும் இந்திப் படம் இக்குன்றுகளிடையே எடுக்கப்பெற்றமையால், பாறையைக் காட்டிலும் அப்படத்தையே வருவோர் பலர் நினைக்கின்றனர். ஆங்கிலேயர் இவ்வூரைக் க்ளோஸ்பேட்டை என வழங்கினர். அப்பெயரே இங்குள்ள கருங்கல்லுக்கு நிலநூலார் இட்ட பெயராக நிலைத்துவிட்டது. அக்கல்லின் அகவை ஏறத்தாழ 250 கோடி ஆண்டு என்ப. மண்ணின் ஆழத்தே உருகியிருந்து மெல்லக் குளிர்ந்து இறுகியதாகலின், அதன் மணிகள் பெரியனவாய், கையில் உப்புக்கல் போல உறுத்துவன. வழுவழுப்பாக நம் கண்ணுக்குத் தோன்றும் சரிவுகூட, உள்ளங்கையை வைத்தால் அரம்போல இருக்கும். பாறையேறுவார் இதனை விரும்புதற்குக் காரணம் அதுவே.

எல்லாக் குன்றின்மேலும் ஏறலாகாது. இராமதேவர் பெட்டா என்னும் மலை 2012 முதல் கழுகினத்தைச் சார்ந்த பிணந்தின்னிப் பறவைகட்குக் காப்பிடமாக உள்ளது. அவை செங்குத்துப் பாறை விளிம்புகளிற் கூடுகட்டுவன. கால்நடைகட்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்னும் மருந்து, இறந்த உடலின் வழியே அப்பறவைகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து அவற்றைப் பெரும்பாலும் அழித்தது. கால்நடை மருத்துவத்தில் அம்மருந்து 2006-இல் தடைசெய்யப்பெற்றது. எஞ்சிய சிலவற்றின் கூட்டருகே மனிதர் ஏறித்திரிதல் அறமன்று. யாங்கள் சென்றது அவ்வெல்லைக்கு அப்பாற்பட்ட வேறொரு குன்று. அங்கும் முதலில் நோக்கியது பாறையை அன்று. மலைத்தேனீக் கூடு எங்கேனும் தொங்குகின்றதா என்பதையே. பாறை விளிம்பில் ஒரு முழத்திற்கு மேலும் தொங்கும் அக்கூட்டைக் கலைத்தால் கயிற்றிற் கட்டுண்டவன் ஓடித் தப்பவும் வழியில்லை.

முதல்நாள் வேடிக்கை பார்க்கச் சென்றவன், மாலையில் இருபது அடிச் சரிவொன்றில் ஏறிவிட்டேன். அஃது எங்ஙனம் நிகழ்ந்தது என்பதை இன்றும் தெளிவாகச் சொல்ல இயலவில்லை. குழாத்தின் பயிற்றுநர், மைசூர்ப் பக்கத்துக் கன்னட இளைஞர், "ஐயா, இரத்த அழுத்தம் உண்டா? முழங்கால் வலி உண்டா?" என்று கேட்டார். இரண்டும் சிறிது உண்டு என்றேன். மருத்துவரைக் கேட்டு வருமாறு சொல்லி அனுப்பிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். உள்ளூர விரும்பவும் செய்தேன். அவரோ, "உயரமானது பின்னர் ஆகட்டும், இந்தச் சரிவில் நான்கு அடி வைத்துப் பாருங்கள், கயிறு கட்டித் தருகின்றேன்" என்றார். நான்கு அடி இருபது அடியாயிற்று. மருத்துவரை மறுவாரம் கண்டு உடன்பாடு பெற்றேன். முறை பிறழ்ந்தது, என்னைப் பார்த்து எவரும் அங்ஙனம் செய்யற்க.

அன்று முதற்கண் வியப்பளித்தது, இவ்வேற்றம் கையாற் செய்வதன்று, காலாற் செய்வது என்பது. ஏணி ஏறுவான்போலக் கையால் உடலை மேலே இழுக்க முயல்வான் பத்தடிக்குள் முன்கை மரத்து ஓய்ந்துவிடுவான். தொடையே வலிய உறுப்பு. கை நிலைதவறாமைப் பொருட்டுத் தொட்டுக்கொண்டிருப்பது. சரிந்த பாறையிலோ பற்றுதற்கு விளிம்பே இராது. குதிகாலைத் தாழ்த்தி, இடையைப் பாறையினின்றும் சற்றே புறந்தள்ளி, உடலின் எடை முழுவதும் பாதத்தின்மேல் விழுமாறு நின்றால், காலணியின் ரப்பர் கல்லைக் கவ்விக்கொள்ளும். அச்சமுற்றவன் செய்வது இதற்கு நேர் மாறு: பாறையைத் தழுவிக்கொள்கின்றான். தழுவிய அக்கணமே பாதம் நழுவும். பருவதமலையில் யான் செய்ததும் அதுவே என்பதை இருபது அடி உயரத்தில் நின்றபோது உணர்ந்தேன்.

காலணியைப் பற்றி ஒரு சொல். அது காலுக்கு இறுகப் பொருந்தவேண்டும் என்பர். தேர்ந்தவர் விரல்கள் மடங்கும்படி சிறியதாக அணிவர். புதியவர்க்கு அத்துன்பம் வேண்டா. விரல்கள் நீண்டு கிடக்க, குதிகால் ஆடாதிருந்தாற் போதும். முதல்நாள் ஒரு தோழர் இரவல் தந்த காலணியால் என் பெருவிரல் நகம் கறுத்தது. அது வீழ்ந்து புதிது முளைக்க ஐந்து திங்கள் ஆயின.

இனிக் கயிறு. ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் தடிப்பும் 60 மீட்டர் நீளமும் உடையது. அகத்தே நைலான் இழைகளாலாகிய கரு. புறத்தே நெய்த உறை. இவ்வமைப்பு 1953-இல் செர்மானிய நாட்டு எடெல்ரிட் நிறுவனத்தார் ஆக்கியது. நைலான் வருமுன்னர்ச் சணற்கயிற்றை அரையிற் சுற்றிக்கொண்டு ஏறினர். அது நீண்டு கொடாது. வீழ்ச்சியின் வேகத்தில் அறுதலும் உண்டு. ஆகலின் முன்னேறிச் செல்வோன் வீழவே கூடாது என்பது அக்காலத்து விதியாயிருந்தது. இக்காலத்துக் கயிறு, வீழ்வானைத் தாங்குங்கால் சிறிது நீண்டு அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்ளும்.

புதியவர்க்குரிய முறை எளிது. பாறையின் தலையில், வெவ்வேறாக அறைந்த இரண்டு எஃகு ஆணிகளிற் பிணித்த வளையத்தின் ஊடே கயிற்றைச் செலுத்துவர். அதன் ஒரு தலைப்பை எட்டு வடிவான முடிச்சினால் ஏறுவோன் இடைவாரிற் கட்டுவர். மற்றைப் பகுதி அடியில் நிற்போன் இடைவாரிலுள்ள தடைக்கருவியின் வழியே செல்லும். ஏறுவோன் ஏற ஏற, நிற்போன் தளர்ந்த கயிற்றை வாங்கிக்கொண்டே இருப்பான். கால் வழுவினும் ஓரிரண்டு அடிக்குமேல் வீழ்தல் இல்லை. கயிற்றைத் தானே கொண்டுசென்று இடையிடையே மாட்டி ஏறும் முறை பயிற்சி முதிர்ந்தார்க்கு உரியது. ஏறுமுன் இருவரும் எதிரெதிர் நின்று, ஒருவர் முடிச்சையும் வார்க்கொக்கியையும் மற்றவர் தொட்டுப் பார்த்தல் வேண்டும். கண்ணாற் பார்த்தல் போதாது. கையால் இழுத்தே பார்ப்பர். ஆயிரமுறை ஏறிய பயிற்றுநரும் தம் முடிச்சைப் பேர்த்தியிடம் காட்டி நின்றதைக் கண்டபோது, பட்டம் பெற்ற பண்டிதர் தம் கட்டுரையை மாணாக்கனிடம் திருத்தக் கொடுத்தாற்போல எனக்குத் தோன்றிற்று.

இடையே என் முதுமைக்குத் துணையாக ஒரு பெரியவர் வரலாற்றையும் சொல்லிவிடுகின்றேன். இங்கிலாந்தின் ஏரிநாட்டில் நேப்ஸ் ஊசி என்னும் கூர்ம்பாறை ஒன்றுண்டு. 1886-இல் ஹாஸ்கெட் ஸ்மித் என்பார் அதன்மேல் ஒருவராகவே, கயிறுமின்றி ஏறினார். மலையுச்சி அடைதற்பொருட்டன்றிப் பாறையேற்றத்தையே பொருளாகக் கொண்ட இவ்விளையாட்டின் தொடக்கம் அஃதென்று அந்நாட்டார் போற்றுவர். ஐம்பது ஆண்டு கழிந்து, 1936-இல், எழுபதைக் கடந்தவராய், அதே பாறையில் அவர் மீண்டும் ஏறினார். இம்முறை துணைவரோடும் கயிற்றோடும். இளமையிற் கயிறின்றி ஏறியதைக் காட்டிலும், முதுமையிற் கயிற்றிற்கு உடன்பட்டதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது.

என் பிழைக்கு வருகின்றேன். ஏறுவோனும் நிற்போனும் சில சொற்களாற் பேசிக்கொள்வர். கயிற்றை வாங்கி இறுகப் பிடிக்க 'டேக்', தளர்வு தர 'ஸ்லாக்', கீழே இறக்க 'லோயர்' என்பன அங்கே வழங்குவன. கன்னடரும் தமிழரும் இந்தி பேசுவோரும் கலந்த குழாமாகலின் ஆங்கிலம் பொதுவாயிற்று. அஃது எனக்கு உவப்பாயில்லை. "நீயும் யானும் தமிழர்; நம்முள் ஆங்கிலம் எற்றுக்கு?" என்று பேர்த்தியிடம் சொல்லி, மூன்று சொல் வகுத்துத் தந்தேன்: இறுக்கு, தளர்த்து, இறக்கு. மூன்றும் ஏவல் வினை, பிறமொழிக் கலப்பற்றவை. 'இறுக்கு', 'இறக்கு' என்பன ஒன்றோடொன்று இயைந்து நிற்கும் ஓசையின்பத்தையும் அவளுக்கு எடுத்துக்காட்டி மகிழ்ந்தேன். அவள் சற்றுத் தயங்கி, "சரி, தாத்தா" என்றாள். அத்தயக்கத்தின் காரணத்தை யான் கேட்கவில்லை.

தைத்திங்களில் ஒரு ஞாயிறு. ஏறத்தாழ ஐம்பது அடிப் பாறை. அதன் இடையில் வயிறுபோல ஒரு புடைப்பு. அதனைக் கடந்தவன் கீழே நிற்பார் கண்ணுக்கு மறைந்துவிடுவான். பேர்த்தி கயிற்றைப் பிடித்தாள். புடைப்பைக் கடந்து, விரல் நுனி பதியுமளவு விளிம்பொன்றில் வலக்காலை வைத்து நின்றேன். அடுத்த பிடி எட்டவில்லை. காற்று வீசிற்று. கால் நடுங்கத் தொடங்கிற்று. தையற்பொறியின் ஊசிபோல மேலும் கீழும் துடிக்கும் அந்நடுக்கம் பாறையேறுவார் யாவரும் அறிந்தது. கயிறு இறுகினால் அதன்மேற் சற்றே சாய்ந்து இளைப்பாறலாம் என்று எண்ணி, "இறுக்கு!" என்று கூவினேன்.

என் இடையிலிருந்த கயிறு இறுகவில்லை, தளர்ந்தது. ஒரு வளைவாகத் தொங்கி என் முழங்காலைத் தொட்டது. பின்னும் தளர்ந்தது. அதனைப் பார்த்த கணத்திற் கால் நழுவிற்று. ஆறு அடி வீழ்ந்திருப்பேன். கயிறு நீண்டு என்னைப் பிடித்தது. முழங்கையும் முழந்தாளும் பாறையில் உராய்ந்து தோல் உரிந்தது. தலைக்கவசம் கல்லில் மோதிய ஓசை என் செவிக்குள் மணியடித்தாற்போல் இருந்தது. பெரிய ஊறு ஒன்றுமில்லை. ஆயினும் அவ்வாறடியும் யான் ஐம்பதடியும் வீழ்வதாகவே எண்ணினேன்.

கீழே இறங்கியவுடன் யான் செய்ததை எழுத நாணுகின்றேன். பேர்த்தி வெளிறிய முகத்தோடு ஓடிவந்தாள். வந்தவளை நோக்கி, "இறுக்கு என்றேனே! காது எங்கே போயிற்று?" என்று சினந்தேன். முப்பத்திரண்டு ஆண்டு வகுப்பறையில் வழங்கிய குரல் அது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணீர் மட்டும் இறங்கிற்று. கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தன் கைகளே குற்றஞ்செய்தன என்பாள் போல.

பயிற்றுநர் எங்கள் இருவரையும் ஒரு கல்லில் அமர்த்தி, தண்ணீர் கொடுத்து, பின்னர் அமைதியாக வினவினார்: "ஐயா, தாங்கள் சொன்ன சொல் யாது?" "இறுக்கு." "அம்மா, நீ கேட்ட சொல் யாது?" "இறக்கு. புடைப்பின் விளிம்பிற் கயிறு அழுந்தியிருந்ததால், தாத்தா சாய்ந்துவிட்டார் என்றே எண்ணினேன்." அவர் எங்கள் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்து, உண்மையாகவே விளங்காதவராய்க் கேட்டார்: "இரண்டும் ஒரே சொல்தானே?"

அவர் தமிழை ஓரளவே அறிந்தவர். அவர் செவிக்கு அவை ஒன்றாகவே ஒலித்தன. ஐம்பது அடி உயரத்தில், காற்றினிடையே, நடுங்கும் வாயினின்று வந்தபோது என் பேர்த்தி செவிக்கும் ஒன்றாகவே ஒலித்தன. ஒரு சொல்லின் இடையில் நிற்கும் ஓர் உகரம், அவ்வளவே வேற்றுமை. அவ்வுகரமும் குறில். றகரத்திற்கு ரகரமும், ளகரத்திற்கு லகரமும் எழுதிய மாணாக்கரை எத்துணை முறை எழுப்பி நிறுத்தியிருப்பேன்! ஒலிவேற்றுமையை உணராத செவி செவியன்று என்று எத்துணை முறை சொல்லியிருப்பேன்! அத்தகைய யானே, ஒலியால் ஏறத்தாழ ஒன்றாய், பொருளால் நேர்மாறாய் நிற்கும் இரு சொற்களை, உயிரைப் பிடித்துநிற்கும் ஒரு பெண்ணின் கையிற் கொடுத்து, அவற்றின் இயைபை வியந்து நின்றேன். வருக்க எதுகை என்று அதற்குப் பெயரும் சொல்லலாம்; இரண்டும் புளிமாச் சீர் என்றும் சொல்லலாம். செய்யுளில் நினைவிற்குத் துணைசெய்யும் அவ்வொப்புமையே, கயிற்றின் இரு தலையிலும் நிற்பார்க்குக் கேடாயிற்று.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. முழங்கை எரிந்தது. மலைபடுகடாத்தில் ஓரிடம் நினைவிற்கு வந்தது. வழுக்கும் நிலத்தைக் கடக்குங்கால், கொடி சுற்றிய பற்றுக்கோட்டைப் பிடித்துக்கொண்டு, சிறுவரோடுகூட ஒருவரையொருவர் காத்துச் செல்லுமாறு கூத்தர்க்கு அறிவுறுத்தும் இடம் அது. அப்பகுதிக்கு யான் பாடஞ்சொல்லும் முறையை எண்ணிப்பார்த்தேன். பற்றுக்கோடு என்பதற்கு நின்று நிதானித்துப் பொருள் விரிப்பேன். கொடியின் பருமையைப் பேசுவேன். உருபும் புணர்ச்சியும் காட்டுவேன். 'ஒருவரையொருவர் காத்து' என்னுமிடத்தை, அது எளிய தொடராகலின், விரைந்து கடந்துவிடுவேன். வினாத்தாளில் அதனை ஒருமுறையேனும் கேட்டதில்லை.

விடிந்ததும் பேர்த்தியிடம் சென்று, "பிழை என்னுடையது, அம்மா, உன்னுடையதன்று" என்றேன். அவள் உடனே சமாதானம் அடைந்தாளல்லள். "தாத்தா, எனக்கும் ஐயமாகவே இருந்தது. ஐயமிருந்தும் கயிற்றை விட்டேன். அது பிழைதான்" என்றாள். மேலும், இனி எனக்குக் கயிறு பிடிக்கமாட்டேன் என்றும், பயிற்றுநரே பிடிக்கட்டும் என்றும் சொன்னாள். சினத்தாற் சொன்னாளில்லை. ஆகலின் அதற்கு மறுமொழி கூறுவது எனக்கு அரிதாயிற்று. யான் அன்று வேண்டியதெல்லாம், "முதலிற் சொற்களை மாற்றுவோம், பிறகு நீ முடிவுசெய்" என்பதே.

சொற்களை மாற்றியது ஒரு வேடிக்கை. மகள் வீடு நான்கு மாடிக் கட்டடத்தில், பேருந்து ஓயாத தெருவின்மேல் உள்ளது. பேர்த்தி மொட்டைமாடியில் ஏறி நிற்க, யான் தெருவோரத்தில் நின்று, ஒரு பேருந்து கடக்கும்போதெல்லாம் ஒரு சொல்லைக் கூவுவேன். அவள் தன் செவிக்கு எட்டியதை ஒரு தாளில் எழுதுவாள். பின் இருவரும் ஒப்பிட்டுப் பார்ப்போம். 'பிடி', 'விடு' என்னும் இரண்டையும் முதலில் எண்ணினேன். எதுகை மோகம் இன்னும் தீரவில்லை போலும். பத்தில் மூன்றுமுறை 'விடு' என்றதை அவள் 'பிடி' என்று எழுதியிருந்தாள். 'தளர்' என்பது பேருந்தொலியில் முழுதும் கரைந்தது. எதிர்வீட்டு அம்மையார் வெளியே வந்து, "பெரியவர் யாரோடு சண்டையிடுகின்றார்?" என்று என் மகளைக் கேட்டனர். ஈற்றில் நின்றவை இவை: இறுகப் பிடிக்க 'பிடி', தளர்வு வேண்ட 'கயிறு தா', இறங்குதற்குக் 'கீழே போகலாம்'. ஒன்று இரண்டெழுத்து, ஒன்று இருசொல், ஒன்று நெடிய தொடர். அளவாலேயே ஒன்றினின்று ஒன்றைப் பிரித்துணரலாம். அவற்றின் முன்னே பெயர் சொல்லி விளித்தல் வேண்டும். பலர் ஏறுமிடத்திற் பிறர் குரலை நம் குரலென்று மயங்காமைப்பொருட்டு. நிற்பவர் கேட்டதைத் திருப்பிச் சொல்லிய பின்னரே செய்தல் வேண்டும். ஐயம் தோன்றின் ஒன்றும் செய்யாது கயிற்றை இறுகப் பிடித்தபடி நிற்றல் வேண்டும். இவ்விறுதி விதியைச் சேர்த்தவள் அவளே.

சொற்கள் தமிழாகவே நின்றமையில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் இம்முறை அவற்றைத் தெரிந்தது அகராதியன்று, தெரு.

மாசியில் மீண்டும் அதே பாறைக்குச் சென்றோம். வெயில் ஏறினால் அக்கல் கைவைக்கப் பொறாது. ஆகலின் விடியுமுன் புறப்பட்டோம். பயிற்றுநர் கயிற்றை எடுத்தார். பேர்த்தி சற்றுநேரம் பார்த்து நின்று, பின்னர், ஒன்றும் பேசாமல் அவர் கையினின்றும் அதனை வாங்கித் தன் தடைக்கருவியில் இட்டாள். என் முடிச்சை இருமுறை இழுத்துப் பார்த்தாள். யான் அவள் கொக்கியின் திருகை இருமுறை தொட்டுப் பார்த்தேன். புடைப்பைக் கடந்தேன். அதே விளிம்பு, அதே நடுக்கம். "பிடி!" என்றேன். கீழிருந்து "பிடி!" என்று குரல் வந்தது, பின் கயிறு என் இடையை மேல்நோக்கி இழுத்தது. அவள் முகம் தெரியவில்லை. நடுக்கம் அடங்குமளவும் அக்கயிற்றிற் சாய்ந்திருந்தேன். உச்சியை அடைய இன்னும் இருபது நிமிடம் ஆயிற்று. அங்கே காண்பதற்கு அரியதொன்றும் இல்லை. தென்னந்தோப்புகளும் நெடுஞ்சாலையும் வேறு குன்றுகளுமே. இறங்குதல் ஏறுதலினும் அச்சந்தருவது என்பதை மட்டும் சொல்லவேண்டும். காலகற்றி, வெறுவெளியில் முதுகு சாய்த்து, நாற்காலியில் அமர்வான்போல அமர்ந்து பின்னோக்கி நடத்தல் வேண்டும். கண் அதனை ஒருபோதும் ஒப்பாது.

நண்பகலுக்குமுன் பேர்த்தி தன் இடைவாரைச் சரிசெய்துகொண்டு, "தாத்தா, இப்போது நீங்கள் பிடியுங்கள்" என்றாள். யான் பயிற்றுநரைப் பார்த்தேன். கயிறு பிடிக்கும் முறையை ஒரு திங்களாகத் தரையில் நின்று பழகியிருந்தேன். உயிரொன்று மறுதலையில் நிற்க அதுவரை பிடித்ததில்லை. அவர் என் பின்னே வந்து நின்று, கயிற்றின் எஞ்சிய பகுதியைத் தம் கையிலும் பற்றிக்கொண்டார். "வலக்கை கயிற்றை விடவே கூடாது, ஐயா. ஈ மொய்த்தாலும் இடக்கையால் ஓட்டுங்கள்" என்றார்.

அவள் விரைந்து ஏறினாள். யான் கயிற்றை வாங்கிக்கொண்டே இருந்தேன். வாங்கி, கீழே இழுத்து, மீண்டும் வாங்கி. புடைப்பை அடைந்தாள். முதலில் தலையும், பின் முதுகும், பின் காலணியும் மறைந்தன. பாறையும் கயிறும் மட்டும் எஞ்சின. சிறிதுநேரம் கயிறு அசையவில்லை. என் உள்ளங்கை வியர்த்தது. பின்னிருந்து பயிற்றுநர் ஏதோ சொன்னார். அது செவியில் ஏறவில்லை. மேலிருந்து வரும் குரலையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"தாத்தா, பிடி!"

"பிடி!" என்று திருப்பிச் சொல்லி, வலக்கையை இடையோடு அழுத்தினேன்.